குட்டி முதலாளியின் கழுத்து

சின்ன டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, குழந்தை பிழைக்கவில்லை.

நல்ல செய்தி கொண்டு வருகிறவன் நின்றுகொண்டே சொல்வான். கதவைத் திறக்கும் முன்பே பல் தெரியும். நாற்காலியைத் தேடுகிறவனிடம் வேறு செய்திதான் இருக்கும். "முதல்ல உட்காருங்க. உங்க கண்ணும் அவங்க கண்ணும் ஒரே மட்டத்துல இருக்கட்டும். முட்டிக்கும் முட்டிக்கும் நடுவுல ஒரு முழம்." பதினோரு வருடமாக டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இதைப் பாடமாக நடத்தியவளே அவள்தான்.

இப்போது அவன் முட்டிக்கும் அவள் முட்டிக்கும் நடுவே அளந்து வைத்தாற்போல ஒரு முழம்.

இரண்டாவது படி, செல்போன். அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்தான், அணைத்தான், உள்ளே வைத்தான். மூன்றாவது படி, எதிரில் இருப்பவர் யாரென்று உறுதி செய்துகொள்வது.

"நீங்க குழந்தையோட அப்பா. நீங்க..." அவன் குரல் பிசிறடித்தது. நேற்று வரை அவளை 'சிஸ்டர்' என்றே கூப்பிட்டு வாய் பழகியவன். "நீங்க பெரியம்மா."

எழுந்திருடா, நின்றுகொண்டு சொல்லித் தொலை என்று அவளுக்குக் கத்தத் தோன்றியது. கத்தவில்லை. அவன் அவளுடைய முதல் பெஞ்ச் மாணவன். செய்முறைத் தேர்வில் நூற்றுக்கு நூறு. ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்க மாட்டான்.

"நான் ஒரு கெட்ட செய்தி சொல்லப் போறேன்." நான்காவது படி.

ஐந்தாவது படிக்காக அவள் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டாள். 'தவறிடுச்சு, போயிடுச்சு, சாமிகிட்ட போயிடுச்சுன்னு பூசி மெழுகாதீங்க. எங்க போச்சு, எப்ப வரும்னு கேட்டுட்டு நிப்பாங்க. சாவைச் சாவுன்னு சொல்லணும். அதுதான் கருணை.' இதைச் சொல்லும்போது மேசையை ஒரு தட்டுத் தட்டுவாள். பின் பெஞ்சில் கொட்டாவி விடுகிறவன்கூட நிமிர்ந்து உட்காருவான். அவளுக்குக் 'கறார் சிஸ்டர்' என்று பெயர் விழுந்தது சும்மா இல்லை.

"உங்க பொண்ணு இறந்துட்டா. பத்து இருபதுக்கு."

ஆறாவது படி: வாயை மூடு. மனசுக்குள் பத்து வரை எண்ணு. அவர்களுடைய நேரத்தை நீ பேசி நிரப்பாதே.

அவன் எண்ண ஆரம்பித்தான். வேறென்ன செய்வதென்று தெரியாமல் அவளும் கூடவே எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

ஏழில் மாப்பிள்ளை பேசினார்.

"அந்த ஆணி லூசா இருக்கு."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தங்கையின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். சுவரில் கடிகாரம் மாட்டியிருந்த ஆணி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. இந்த அறையை ஏற்பாடு செய்ததும் கறார் சிஸ்டர்தான். சாவுச் செய்தி சொல்ல என்றே ஒதுக்கிய அறை. மூன்று நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி, தண்ணீர்ப் பாட்டில். கேட்பவர்கள் முகத்தைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கடிகாரத்தைக் கழற்றச் சொன்னாள். ஆணியை மறந்துவிட்டாள்.

"எங்க ஃபெயில் ஆச்சு?" என்றார் மாப்பிள்ளை.

"சார்?"

"ஒரு லிஃப்ட் நின்னுபோனா, எதனால நின்னுச்சுன்னு எழுதாம நான் கையெழுத்துப் போட மாட்டேன் டாக்டர். கேபிளா, பிரேக்கா, கதவா? ஏதோ ஒண்ணு. சும்மா நிக்காது."

"பிறந்ததும் மூச்சு ஆரம்பிக்கல சார். உடனே மாஸ்க் வச்சு, பையை அமுக்கிக் காத்து கொடுத்தோம். நெஞ்சு ஏறல. பெரிய டாக்டர் ஆபரேஷன்ல இருந்தாங்க. பன்னிரண்டு நிமிஷத்துல வந்தாங்க. அதுக்கப்புறம் ஏறுச்சு. ஆனா அதுக்குள்ள..." அவன் உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான். "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். தெரியாததைச் சொல்ல மாட்டேன்."

ஏழாவது படி. அவளுடைய வாக்கியம். கால்புள்ளி முதல் முற்றுப்புள்ளி வரை அவளுடையது.

"பன்னிரண்டு நிமிஷம் ஏறாத நெஞ்சு அப்புறம் ஏன் ஏறுச்சு?" என்றார் மாப்பிள்ளை. மெக்கானிக் அல்லவா.

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். உங்களுக்குத் தெரிந்திருக்குமே, சொல்லிக் கொடுங்களேன் என்கிற மாணவன் பார்வை.

"மாப்பிள்ள," என்று எழுந்தாள் அவள். "நீங்க அவ கூட இருங்க. நான் பேசிட்டு வரேன்."

லேபர் ரூம் வாசலில் கை கழுவும் தொட்டி. அங்கேதான் அவனை நிறுத்தினாள். தலைக்கு மேலே பலகை: 'உறவினர் உள்ளே வரக் கூடாது. மருத்துவமனை ஊழியராக இருந்தாலும் சரி.' அதுவும் அவள் எழுதி மாட்டியதுதான். இன்று காலை அந்தப் பலகைக்குக் கீழே, மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். குழந்தை அழும் என்று காது கொடுத்தாள். அழுகை வரவில்லை. உள்ளே நர்ஸ் குரல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. "இன்னும் கொஞ்சம் டாக்டர். இன்னும் கொஞ்சம்." பையை இன்னும் அழுத்தச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"மாஸ்க் ஒட்டுச்சா?"

"ஒட்டுச்சு சிஸ்டர். சுத்தி எங்கயும் லீக் இல்ல."

"வாய்ல கோழை?"

"உறிஞ்சி எடுத்துட்டோம்."

"கழுத்து?"

"அதான் சிஸ்டர்." அவன் கண் நிறைந்துவிட்டது. "வளைச்சேன். நீங்க சொல்லித் தந்த மாதிரியே. டக் வரல."

அவள் குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் வளைச்சேன். நர்ஸும் பார்த்துட்டே இருந்தாங்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு சொன்னாங்க. டக் வரவே இல்ல சிஸ்டர். பெரிய டாக்டர் வந்து கழுத்தை நேரா வச்சாங்க, உடனே நெஞ்சு ஏறுச்சு. டக் வராமலே ஏறுச்சு. அது எப்படி?"

அவளுக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்டது. டக்.

பயிற்சிக் கூடத்தில் ஒரு ரப்பர் குழந்தை இருக்கிறது. நிஜக் குழந்தை எடை, நிஜக் குழந்தை நீளம். பெயர் 'குட்டி முதலாளி'. எந்தப் பேட்ச் வைத்த பெயரோ, நிலைத்துவிட்டது. "இந்த ஆஸ்பத்திரியில வயசே ஏறாம வேலை பார்க்கிறவன் இவன் ஒருத்தன்தான். லீவு கேட்க மாட்டான், சம்பளம் கேட்க மாட்டான், எத்தனை தடவை செத்தாலும் எழுந்து வந்துடுவான்" என்று அவளே ஜோக் அடிப்பாள். வகுப்பு சிரிக்கும்.

முதலாளிக்கு நாலு வருடம் முன்பு கழுத்து தேய்ந்தது. உள்ளே காற்று போகிற குழாய் மடங்கிக்கொண்டது. தலையை அளவாக வைத்தால் நெஞ்சு ஏறாது. பின்னால் நன்றாகச் சாய்த்து, இன்னும் சாய்த்து, ஒரு கட்டத்தில் மூட்டு 'டக்' என்று விழும். குழாய் நிமிரும். நெஞ்சு ஏறும்.

நிஜக் குழந்தைக்கு அந்த அளவு சாய்த்தால் மூச்சுக்குழாய் நசுங்கிவிடும். வழி திறக்காது, அடைத்துக்கொள்ளும். இது அவளுக்குத் தெரியாதா? கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

ஆரம்பத்தில் சொல்லத்தான் செய்தாள். "பாருங்க, இது இந்தப் பொம்மையோட வியாதி. நிஜக் குழந்தைக்கு இப்படி வளைக்காதீங்க. தோளுக்குக் கீழ மடிச்ச துணி, ஒரு அங்குலம் போதும். மூக்கு நுனி கூரையைப் பார்க்கணும். அண்ணாந்து பார்க்கக் கூடாது." பேட்சுக்குப் பேட்ச் சொன்னாள். புதுப் பொம்மை கேட்டு மூன்று முறை எழுதினாள். ஸ்டோர்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "பொம்மைக்குக் கழுத்து வலின்னா எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க சிஸ்டர்." நாலாவது முறை அவள் எழுதவில்லை.

அப்புறம்தான் அவளுக்கு முட்டி வலி வந்தது.

தேர்வு என்றால் பதினாலு பேர். ஒவ்வொருவருக்கும் குனிந்து, மண்டியிட்டு, பொம்மையின் கழுத்துக் கோணத்தைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். எழுந்திருக்கும்போது உயிர் போகும். ஒரு நாள் அவள் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடிக் காதைக் கொடுத்தாள். டக் என்று கேட்டால் 'சரி' போட்டாள். கேட்காவிட்டால் 'மறுபடி'. எவ்வளவு சுலபம். மாணவர்களுக்கும் சுலபம். அன்றிலிருந்து வகுப்பில் ஒரு வாக்கியம் புதிதாகச் சேர்ந்தது: "டக் வர்ற வரைக்கும் விடாதீங்க." வேறொரு வாக்கியம் மெல்ல உதிர்ந்துபோனது. எந்தப் பேட்ச்சில் உதிர்ந்தது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை.

இரண்டு வருடம். இருபத்திரண்டு பேட்ச். பதினாலு கை, பதினாலு கை என்று கூட்டப்போனவள் பாதியில் நிறுத்தினாள்.

நிறுத்தியதும் வேறொன்று வந்து நின்றது. குழந்தை இறந்தால் ஒரு படிவம் வரும். பதினான்காம் கட்டம்: 'செய்முறை, பயிற்சியில் கற்பித்தபடி நடந்ததா?' பயிற்சியாளர் கையெழுத்து. இந்த இரண்டு வருடத்தில் மூன்று படிவங்களில் 'நெஞ்சு ஏறவில்லை' என்று எழுதியிருந்தது. நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு, மூன்றிலும் அவள் 'ஆம்' போட்டாள். ஒன்றில் பேனா மை தீர்ந்துபோய், பக்கத்தில் இருந்தவரிடம் வாங்கிப் போட்டாள். அந்தப் பேனா பச்சை நிறம்.

"சிஸ்டர்," என்றான் சின்ன டாக்டர். "எனக்குப் பயமா இருக்கு. படிவம் எழுதணும். நான் எங்க தப்பு பண்ணினேன்னு சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் எழுதிடறேன்."

இருபத்தாறு வயது இருக்கும். நேற்றுத்தான் அவனுக்குக் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்து, "நாளைக்கு என் தங்கச்சி வர்றா. உங்க கைதான். எனக்குக் கவலையே இல்ல" என்று சொல்லியிருந்தாள்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணல," என்றாள். குரல் நடுங்கவில்லை. "நான் சொல்லிக் கொடுத்தபடிதானே செஞ்சீங்க?"

"அப்படியே செஞ்சேன் சிஸ்டர். ஒரு நூல்கூடப் பிசகல."

"அப்ப பதினாலாம் கட்டத்துல 'ஆம்'னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"ஆனா பெரிய டாக்டர் நேரா வச்சதும்..."

"சில குழந்தைங்க அப்படித்தான். கடைசியா ஒரு தடவை ஏறும்."

பொய். அவன் அதை அப்படியே விழுங்கினான். கறார் சிஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை அவள் பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றான். இந்த நாளில், இந்த இடத்தில், அவளுக்கு நன்றி.

வார்டில் தங்கை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைமாட்டில் துணிப்பை. அவள் தையல்காரி. ஊர் உலகத்துக்கெல்லாம் தைத்துவிட்டு, ஒன்பது மாதமாகத் தன் குழந்தைக்கு ஒரு சட்டையை மட்டும் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "இது என்னடி, துணியா, சிலந்தி வலையா? முடியவே மாட்டேங்குது" என்று அக்கா கேலி செய்திருக்கிறாள்.

"வந்துட்டியா."

"ம்."

"கையில குடுத்தாங்க. கனமே இல்ல அக்கா. உன் மூக்கு. அதே சப்பை மூக்கு." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "பாவம், அது உன்னோட மூக்கோட பொழச்சுக் கிடந்திருந்தா கல்யாணத்துக்கு எவ்வளவு பாடு பட்டிருப்பேன்."

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இருவர் முட்டிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"ஒண்ணு கேக்கறேன். நீ மத்தவங்க மாதிரி மழுப்ப மாட்ட. அதுக்காகத்தான் உன் ஆஸ்பத்திரிக்கே வந்தேன். நேரா சொல்லு."

"கேளு."

"காலைல வலி எடுத்ததும் அவர் கிளம்பு கிளம்புன்னு குதிச்சார். நான்தான், இருங்க, கழுத்துப் பட்டன் ஒண்ணு பாக்கி இருக்கு, தைச்சுட்டு வந்துடறேன்னு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆயிடுச்சு." அவள் துணிப்பையைத் தொட்டாள். "அதனாலயா அக்கா? அந்த அரை மணி நேரத்தாலயா?"

இல்லை.

நாக்கு நுனியில் அந்த ஒரு வார்த்தை வந்து உட்கார்ந்திருந்தது. உன் அரை மணி நேரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நீ ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தாலும் குழந்தை பிழைத்திருக்கும், அந்தக் கழுத்தை யாராவது நேராக வைத்திருந்தால். 'இல்லை' என்றால் போதும். ஆனால் 'இல்லை' என்றால் அடுத்த கேள்வி 'பின்னே எதனால?' தங்கை நூலின் நுனியைப் பிடித்துவிட்டால் தையல் முழுக்கப் பிரியும் வரை விட மாட்டாள். பிரிந்தால் கடைசியில் நிற்பது அக்கா. அப்புறம் அக்கா என்று கூப்பிட அவளுக்கு ஆள் இருக்காது. சின்ன டாக்டர் இருக்க மாட்டான். பதினோரு வருடம் இருக்காது. மூன்று படிவங்கள் மட்டும் இருக்கும்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்று. இரண்டு.

மூன்றில் தங்கை அவள் கையைப் பற்றினாள். ஐந்தில் பிடி தளர்ந்தது. ஆறில் அவள் கண்கள் அக்காவின் முகத்தில் எதையோ தேடின. எட்டில் தேடுவதை நிறுத்தின.

பத்து.

"சரி," என்றாள் தங்கை. "புரிஞ்சுது."

கட்டிலுக்குப் பின்னால் செருப்பு உரசும் சத்தம். மாப்பிள்ளை. எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. லிஃப்ட் எங்கே நின்றது என்று கண்டுபிடித்துவிட்ட மெக்கானிக்கின் குரல் அது. சின்னக் குரல். "பட்டனை அப்புறம் தைச்சுக்கலாம்னு சொன்னேன்."

இன்னொரு வாய்ப்பு. அவளுக்கு அது தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

"இப்ப அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகுது மாப்பிள்ள?"

ஆறுதல் மாதிரி இருந்தது அது. வார்டில் இருந்த நர்ஸ்கூடத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள், எவ்வளவு பக்குவமான மனுஷி என்று. தங்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது. தீர்ப்புக்கு முத்திரையும் குத்தியாகிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை எழுந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து சட்டையை எடுத்தாள். வெள்ளைத் துணி, ஓரத்தில் இலை வேலைப்பாடு, முன்பக்கம் அஞ்சு பட்டன். கழுத்துப் பட்டனைப் பல்லுக்கு இடையில் வைத்துக் கடித்தாள். நூல் அறுந்தது. பட்டனைக் கட்டிலுக்கு அடியில் துப்பினாள்.

"இப்பப் போட்டு விடுங்க," என்று சட்டையைக் கணவரிடம் நீட்டினாள். அவர் அவள் கை படாமல் வாங்கிக்கொண்டார்.

மதியம் பயிற்சிக் கூடத்து கிளார்க் போன் செய்தான்.

"விஷயம் கேள்விப்பட்டேன் சிஸ்டர். மனசே சரியில்ல. நாளைக்குப் பத்து மணி பேட்ச், பதினாலு பேர் வர்றாங்க. தள்ளி வைக்கட்டுமா?"

தள்ளி வைக்கலாம். ஒரு வாரம் தள்ளலாம். அதற்குள் அந்தப் பொம்மையைக் குப்பையில் போட்டுவிடலாம். போட்டால் ஏன் என்று கேட்பான். நாலு வருடமாக நன்றாகத்தானே ஓடியது, திடீரென்று இப்போது என்ன வந்தது என்று கேட்பான். எல்லாரும் கேட்பார்கள்.

"வேணாம்," என்றாள். "வரேன்."

"உங்க மனசு யாருக்கு வரும் சிஸ்டர். குட்டி முதலாளியைத் துடைச்சு வச்சுடறேன்."

"வை."

நாலரை மணிக்கு மயானம். வெயில் இன்னும் சாயவில்லை. தங்கையை டாக்டர்கள் விடவில்லை. வந்தவர்கள் நாலே பேர். மாப்பிள்ளை, அவருடன் வேலை பார்க்கும் தோழர் ஒருவர், கறார் சிஸ்டர், குழி வெட்டுகிறவர். குழி வெட்டுகிறவர் தோண்டி முடித்துவிட்டு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். குழி சின்னது. அவருக்குப் பத்து நிமிட வேலை.

பெட்டி, ஆஸ்பத்திரி கொடுத்தது. கெட்டி அட்டை, வெள்ளை. முன்பக்கம் ஒரு தகரக் கொக்கி. இந்தப் பெட்டிகளை வரவழைத்ததும் அவள்தான். பழைய துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பாதீர்கள், பார்க்கிறவர்களுக்கு மனசு ஆறாது என்று கூட்டத்தில் பேசி வாங்கினாள்.

மாப்பிள்ளை பெட்டியை மண்மேட்டில் வைத்து, மூடியைக் கடைசியாக ஒரு முறை திறந்தார். குழந்தை சப்பை மூக்கோடு கிடந்தது. வரும் வழியில் குலுங்கியதில் தலை பின்னால் சரிந்து, மோவாய் தூக்கிக்கொண்டிருந்தது. சட்டையில் மேல் பட்டன் இல்லாததால் கழுத்து முழுக்கத் தெரிந்தது. நடுவில், சுண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு. பின்னால் வளைக்க வளைக்க இழுபட்ட இடம்.

"தலை தொங்குதே," என்றார் மாப்பிள்ளை.

பேன்ட் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கிரீஸ் கறை படிந்த கைக்குட்டை. இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். அளவு போதவில்லை என்று எட்டாக மடித்தார். ஒரு கையால் குழந்தையின் முதுகைத் தூக்கி, மறு கையால் அதைத் தோளுக்குக் கீழே செருகினார். கழுத்துக்குக் கீழே வைக்கவில்லை, தலைக்குக் கீழே வைக்கவில்லை. தோளுக்குக் கீழே. மோவாயை ஒரு விரலால் மெதுவாகத் தணித்தார், தலை நேராக நின்றது. மூக்கு நுனி வானத்தைப் பார்த்தது.

யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

"சரியா இருக்கா அண்ணி?" என்றார். "நீங்க இதெல்லாம் பார்த்தவங்க."

நின்ற இடத்திலிருந்தே சொல்லியிருக்கலாம். அவள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு, முதலில் ஒரு முட்டி, அப்புறம் மறு முட்டி என்று மண்ணில் மண்டியிட்டாள். இரண்டு வருடமாக எவருக்காகவும் மடங்காத முட்டி. தோழர் கை கொடுக்க வந்தார், வேண்டாம் என்றாள். குனிந்து, கன்னம் தரையைத் தொடுகிற மாதிரி சாய்ந்து, பக்கவாட்டில் பார்த்தாள்.

துணி, ஒரு அங்குலம். மோவாய் அளவாக. மூச்சு போகும் வழி நேராக இருந்தது.

"சரியா இருக்கு மாப்பிள்ள."

அவர் மூடியைச் சாத்தினார். கொக்கி விழவில்லை. ஆஸ்பத்திரிச் சாமான், எது முதல் தடவையில் விழுந்திருக்கிறது. கட்டை விரலை வைத்து அழுத்தினார். விழவில்லை.

"இன்னும் கொஞ்சம் அமுக்குங்க," என்றார் குழி வெட்டுகிறவர். "இன்னும் கொஞ்சம்."

மண்ணில் மண்டியிட்டபடியே அவள் கண்ணை மூடிக்கொண்டு, காது கொடுத்தாள்.